நேரம் பிடிக்கிற மெசின்

"இதுவும் வேணாண்ணா. வேற காட்டுங்க."

பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் ராஜ்மோகன் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "இதுல என்னாம்மா குறை?"

"கீபோர்டுல எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்குது."

"உனக்குத்தான் பாக்காமலே அடிக்கத் தெரியுமே. சரி, வேற கீபோர்டு தரேன்."

"மானிட்டரும் ஆடற மாதிரி இருக்குது."

மானிட்டர் ஆடவில்லை. அது ராஜ்மோகனுக்கும் தெரியும், ஆன் மேரிக்கும் தெரியும். முதலில் காட்டியதில் படம் நிஜமாகவே ஆடியது. அடுத்ததில் சிடி போடுகிற தட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதுவரைக்கும் நியாயம். அதற்குமேல் அவள் சொன்னதெல்லாம் வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்கிற கதைதான். பென்டியம் த்ரீ, நூத்தியிருபத்தெட்டு ராம், கடலூரில் ஏதோ ஆபீசில் அலுங்காமல் குலுங்காமல் கணக்குப் பார்த்த செட்டு. ஒரு மாதத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போயிருப்பாள்.

வீட்டில் அவள் அப்பா காஸ்பர் இழுத்துக்கொண்டு கிடந்தார். செராமிக் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். கிட்னி இரண்டும் கெட்டு, பாண்டிச்சேரி டாக்டர் கையை விரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாயிற்று. பங்குச் சாமியார் வந்து சாகிறவர்களுக்கான கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். ஸ்ரீமுஷ்ணத்து சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, அழுது, பஸ் பிடித்துப் போய், மறுபடியும் வந்து பார்த்தார்கள். உயிர் போவேனா என்றது. உயிர் என்ன டவுன் பஸ்ஸா, எல்லாரும் ஏறியாச்சு என்று விசில் கொடுத்தால் கிளம்புவதற்கு?

நினைவு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான். "மெசினு வந்துச்சா?"

"இயேசு மரி சூசைன்னு சொல்லுங்க," என்று மனைவி இஞ்ஞாசியம்மாள் காதில் ஓதினால், "எத்தினி ராமு?" என்று கேட்டார். சாகிற மனுஷன் வாயில் வருகிற பேச்சா இது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆண்டவர் பேரைச் சொல்லாமலே போய்விடுவாரோ என்று பயந்து மறுபடியும் காதில் ஓதினாள்.

ராம் என்கிற வார்த்தை அவருக்கு இந்தக் கடையில் கிடைத்தது. ஆன் மேரி டிப்ளமோ முடித்துவிட்டுக் கடைவீதி சென்டர் ஒன்றில் அடுத்தவர் மெசினில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே ஒன்று இருந்தால் காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் வேலை வரும், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். புதுசு கட்டுப்படியாகாது, பழசில் நல்லதாகப் பார்க்கலாம் என்று மழைக்காலத்திலிருந்து அப்பனும் மகளும் இங்கே வந்துபோனார்கள். காஸ்பர் ஒவ்வொரு செட்டையும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பீங்கானில் கீறல் இருந்தால் தட்டினால் தெரியும். கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

"ஐயா, கம்ப்யூட்டர தட்டிப் பாக்கக் கூடாதுங்க," என்று ராஜ்மோகன் கெஞ்சுவார்.

"எதுவா இருந்தாலும் தட்டுனா சொல்லிடும் தம்பி," என்று அவர் இன்னொரு தட்டு தட்டுவார்.

நல்ல செட்டு ஒன்று அமைவதற்குள் அவர் படுக்கையில் விழுந்தார்.

இன்று காலையில் பக்கத்து வீட்டு வீரம்மாள் வந்தாள். அவர் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"ஆசை ஒண்ணு தொண்டையில நிக்குது இஞ்ஞாசி. அது தீராம உசுரு பிரியாது. மண்ணாசைன்னா மண்ண கரைச்சு ஊத்தலாம். பொன்னாசைன்னா தோட்ட ஒரசி ஊத்தலாம். இந்தக் கருமத்த எப்பிடி கரைக்கிறது? வாங்கியாந்து கண்ணு முன்னால வச்சிடு. பாத்துட்டு நிம்மதியா போயிடுவாரு."

வேதக்காரங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்த இஞ்ஞாசியம்மாள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதற்கென்றே அவர் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து மகள் கையில் திணித்தாள். "ஓடு பாப்பா. சட்டுனு வா."

பக்கிரியின் ஆட்டோவில் வரும்போதுதான் ஆன் மேரிக்கு அது உறைத்தது. பார்த்துவிட்டால் போய்விடுவார். அப்படியென்றால், பார்க்காத வரைக்கும்? படித்த பெண், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாவிட்டால் என்ன, பயம் விடுகிறதா? கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒரு செட்டைப் போடச் சொல்வாள், வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பாள், திரும்பி வந்து குறை சொல்வாள்.

கடை போன் அடித்தது. ராஜ்மோகன் எடுத்து, "உனக்குத்தாம்மா," என்று நீட்டினார். வீரம்மாள் வீட்டிலிருந்து அம்மா.

"வாங்கிட்டியா?"

"பாத்துகிட்டு இருக்கேம்மா."

"இன்னும் என்னாடி பாக்கற? பொண்ணா பாக்கற? அவரு படற பாட்ட என்னால பாக்க முடியல. சீக்கிரம் வா."

"அம்மா, நான் வாங்கிட்டு வந்தா…"

அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"வா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆன் மேரி ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு உடைந்தாள். "இது வூட்டுக்குள்ள போனா எங்கப்பா செத்துடுவாருண்ணா. எல்லாரும் அதுக்குத்தான் காத்துகிட்டு இருக்காங்க."

ராஜ்மோகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் விளங்கியது. "சிஸ்டத்த பாத்து எந்த மனுசன்மா செத்திருக்கான்? ரேட்ட கேட்டு வேணா மயக்கம் போட்டிருக்கான்," என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியிருக்க வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒயரைச் சுருட்டினார்.

ஆன் மேரி தாவணித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, இருக்கறதுலயே எது ஸ்டார்ட் ஆவ ரொம்ப நேரம் புடிக்கும்?"

"என்னாது?"

"ரொம்ப லேட்டா வர்ற மெசினு. அது குடுங்க."

எது வேகம், எது வேகம் என்று கேட்கிறவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். உள்ளே போய், உதிரி பாகங்களுக்கென்று ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பென்டியம் டூவைத் தூக்கி வந்து, தூசியைத் துணியால் தட்டினார். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிப் போயிருந்தது.

"இத போட்டுட்டுப் போயி டீ குடிச்சிட்டு வந்துடலாம். அவ்வளவு மெதுவு. ஆனா வந்துடும். நடுவுல நின்னு மானத்த வாங்காது," என்றார். "வேலைக்குன்னு வேணும்போது அந்த நல்லத வந்து எடுத்துக்க. மாத்தித் தரேன். மாட்டிக் குடுக்க நான் வரட்டுமா?"

"வேணாண்ணா. நானே மாட்டிக்கிறேன்."

ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா போங்கண்ணா, ஒடஞ்சிடும்," என்றாள். பக்கிரி மெதுவாகத்தான் போனான். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் ஒன்று அசைந்து அசைந்து வந்தது. "சனியன், இன்னிக்குன்னு பாத்து வருதே," என்று பக்கிரி அவளுக்காகச் சலித்துக்கொண்டான். இந்த ரயிலுக்கு முடிவே இருக்கக் கூடாது மாதாவே என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டியும் போயிற்று. கேட் தூக்கினார்கள்.

வீட்டு வாசலில் நின்றிருந்த கூட்டம் சாமி பல்லக்குக்கு விலகுகிற மாதிரி விலகி வழிவிட்டது. இஞ்ஞாசியம்மாள் மேஜைமேலிருந்த மாதா சுரூபத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு இடம் பண்ணினாள். பக்கிரி தூக்கிவந்து வைத்தான். கட்டிலுக்கு நேராக, அவர் பார்வைக்குப் படுகிற மாதிரி.

"என்னாங்க, மெசினு வந்துடுச்சி. பாருங்க."

காஸ்பர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். வீரம்மாள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

அவர் சாகவில்லை. கையைத் தூக்கப் பார்த்தார். ஆன் மேரி மேஜையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தாள். அவர் விரல் முட்டியால் மானிட்டரின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். சத்தமே வரவில்லை, அவ்வளவுதான் பலம். ஆனாலும் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"கீறல் இல்ல," என்றார். "போடு பாப்பா. ஓடறத பாக்கறேன்."

ஆன் மேரி ஒயர்களை எடுத்தாள். மவுஸை மாட்டினாள். கீபோர்டை மாட்டினாள். மானிட்டர் ஒயரின் திருகுகளை எவ்வளவு மெதுவாகத் திருக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திருகினாள். பிளக்கையும் சொருகினாள். இனிச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, பட்டனை அழுத்துவதைத் தவிர. விரலைக் கொண்டுபோனவள் எடுத்துக்கொண்டாள்.

"கரண்டு இல்லப்பா."

தலைக்குமேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்துவிட்டு, ஆன் மேரியைப் பார்த்தன. கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரிக்கப் போய், வீரம்மாள் பார்த்த பார்வையில் அடங்கினாள்.

இஞ்ஞாசியம்மாள் மகளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ஆன் மேரி தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்து ஓடு ஓடு என்று விரட்டியவள் அல்லவா.

அம்மா எழுந்தாள். கதவோரம் போனாள். சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

"ஆமாங்க," என்றாள். "இப்பத்தான் போச்சி."

ஃபேன் வேகம் குறைந்து, நாலு சுற்று சும்மா சுற்றி, நின்றது. அவள் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். வீரம்மாள் எல்லோரையும், "காத்து வரட்டும், வெளிய வாங்கடி," என்று ஓட்டிக்கொண்டு போனாள்.

அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கை வலித்தால் விசிறியை மாற்றிக்கொண்டார்கள். வெயில் வாசலை விட்டு இறங்கியது. காஸ்பர் கண்ணை மூடுவார், திறப்பார். "வந்துச்சா?" என்பார். "இன்னும் வரலீங்க," என்பாள் இஞ்ஞாசியம்மாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரலில் ஏதோ ஒரு தெம்பு இருந்தது.

இருட்டியதும் ஆன் மேரி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தெருவிளக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டில் டிவி சீரியலின் பாட்டு கணீரென்று ஆரம்பித்தது. ஆன் மேரிக்குத் திக்கென்றது. அப்பா கண்ணைத் திறந்திருந்தார். பாட்டு வந்த பக்கம் பார்த்தார். அப்புறம் நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். விசிறுகிற பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நம்ம வூட்டுக்கு மட்டும் ஒரு ஃபேஸு போயிருக்கும்," என்றார் மெல்ல. "வரட்டும்… அவசரமில்ல."

இஞ்ஞாசியம்மாள் விசிறுவதை நிறுத்தவில்லை. அவள் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குக் கை ஒழியவில்லை.

கோயிலில் விடியற்காலைப் பூசைக்கு மணியடித்தபோது அவர் மூச்சு விட்டுவிட்டு வந்தது. இஞ்ஞாசியம்மாள் குனிந்து, "இயேசு மரி சூசை," என்று காதில் சொன்னாள். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னாள். அதற்கு உதடு அசையவில்லை.

ஆன் மேரிதான் முதலில் அலறினாள். "பாக்காமயே போயிட்டாரும்மா! நான்தாம்மா காட்டாம விட்டுட்டேன்!" பாவி, ஒரு பட்டன். அதை அழுத்தியிருந்தால் ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டாவது போயிருப்பாரே. மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

சத்தம் கேட்டு வீரம்மாள் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தாள். கட்டிலில் அவர் கண் திறந்தபடியே இருப்பதைப் பார்த்தாள். வயசில் மூத்தவள், செய்ய வேண்டியது தெரிந்தவள். விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "அழு, அழு. ஆனா மொதல்ல கண்ண மூடிடு இஞ்ஞாசி, வெறச்சிடும்," என்று கையை நீட்டினாள்.

இஞ்ஞாசியம்மாள் அந்தக் கையைத் தடுத்தாள்.

"இருங்கக்கா."

எழுந்து போய் மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள். டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மேஜைப் பக்கமாகத் திருப்பினாள்.

"பாப்பா, அத போடு."

ஆன் மேரி அம்மாவைப் பார்த்தாள்.

"போடும்மா. கரண்டுதான் வந்துடுச்சே."

ஆன் மேரி பட்டனை அழுத்தினாள். உள்ளே ஏதோ உறுமியது. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஒன்றொன்றாக ஏற ஆரம்பித்தன. ஏறிக்கொண்டே இருந்தன. வாசலில் கூடிவிட்ட சனம் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்டி ஆவும்?" என்று வீரம்மாள் கிசுகிசுத்தாள்.

"பழசு பெரியம்மா. கொஞ்சம் நேரமாவும்."

இஞ்ஞாசியம்மாள் அவசரப்படவில்லை. அவர் நெற்றியில் வைத்த கையைக் கண்ணை மூடக் கீழே இறக்காமல், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.