துலக்கிய பாத்திரம்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பளபளா. அவள் வீட்டுக்குள் ஈ நுழைந்தால்கூடக் கால் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். பளபளாவுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அவள் புருஷன் பழைய கம்ப்யூட்டர், டி.வி., செல்போன் எல்லாம் வீடு வீடாக வாங்கி வருவான். உள்ளே இருக்கும் பச்சை அட்டைகளைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் சூடேற்றி, ஈயப்பற்று இளகியதும் அதிலுள்ள சில்லுகளைப் பிடுங்குவது அவள் வேலை. அதற்கென்று தனியாக ஒரு பாத்திரமா வாங்க முடியும்? கைப்பிடி வைத்த அலுமினியப் பாத்திரம் ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் நாரும் சோப்பும் போட்டு முகம் தெரிகிற வரை தேய்ப்பாள். பிறகு அதிலேயே மகளுக்குப் பால் காய்ச்சுவாள்.

மகளுக்கு இரண்டரை வயது. போன வருஷம் அம்மா, அப்பா, பாலுக்கு "பா" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டாள். சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார் மாமியார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைப் பரிசோதனை முடிவில் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் என்ன வேலை, எதில் சமையல் என்று துருவித் துருவிக் கேட்டார். நன்றாகத் தேய்த்த பிறகுதான் பால் காய்ச்சுவேன் என்று பளபளா அழுத்திச் சொன்னாள்.

"தேய்ச்சா போற அழுக்கு இல்லம்மா ஈயம். புகையில இருக்கு, தூசில இருக்கு, அந்தப் பாத்திரத்துலயும் இருக்கு."

"மறந்த பேச்சு திரும்பி வந்துடுமா டாக்டர்?"

மருந்து கொடுத்துப் பார்க்கலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் அவர்.

மறுநாளே புருஷன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, இந்தச் சாமான்களை முறையாகப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைக்குக் கொண்டு போனான். பளபளா அந்தப் பாத்திரத்தையும் மூட்டைக்குள் திணித்து அனுப்பினாள். சாயங்காலம் அவன் அதோடு திரும்பி வந்தான்.

"சமையல் பாத்திரம் தவறி வந்துடுச்சுன்னு குடுத்துட்டாங்க. புதுசு மாதிரி இருக்கே, ஏன் தூக்கிப் போடுறீங்கன்னு வேற கேட்டாங்க."

புதுசு மாதிரிதான் இருந்தது, பாழாய்ப்போன பாத்திரம்! குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். எந்தப் பிள்ளைக்கோ அதில் பால் காய்ச்சுவார்கள்.

கொல்லைப்படியில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்தாள். ஒரு ஓட்டை என்றால் அடைத்துவிடுவார்கள் என்று அடிப்பாகத்தைச் சல்லடையாக்கினாள். தன் கையாலேயே ஊட்டினோமே என்று அழுதுகொண்டே அடித்தாள்.

பாத்திரச் சத்தம் கேட்டு மகள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"பா சொல்லுடி தங்கம். ஒரே ஒரு தடவை."

குழந்தை அவள் வாயையே பார்த்தது. பிறகு டம்ளரை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியது.