காற்றில் பழுத்த கத்தி

பெல்ட்டில் சாவிக்கொத்தை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. செல்போனுக்குப் பை தைத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. தோலுறைக்குள் கத்தியைச் செருகி, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற மனிதரை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. பார்த்த அன்றே உறைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. கோபப்படுவார் என்று பார்த்தால், மனிதருக்கு உள்ளூர ஏக சந்தோஷம்.

புதிதாகக் குடிவந்தவர்கள், ஆள் கொஞ்சம் முரடோ என்று பயப்படுவதுண்டு. கரப்பான் பூச்சிக்கே வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆள் அவர். கையால் அடித்துச் செய்த கத்தி ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும், எந்த நேரத்தில் என்ன தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. தேவை எதுவும் அவரைத் தேடி வரவில்லை என்பதால் அவரே தேவையைத் தேடிப் போவார். யார் சட்டையிலாவது நூல் பிரிந்து தொங்கினால் போதும், அசையாதீங்க என்று கத்தியை உருவிவிடுவார். கத்தியைக் காட்டி அசையாதே என்றால் எவன் அசைவான்? பக்கத்து வீட்டுக்குப் பார்சல் வந்தால், பார்சல்காரன் படியிறங்குவதற்குள் இவர் படியேறியிருப்பார். இத்தனைக்கும் அந்தக் கத்தி அதிகமாகப் பிரித்த பார்சல்கள் எவை என்று பார்த்தால், அந்தக் கத்திக்கே வந்த எண்ணெய், அந்தக் கத்திக்கே வந்த தோல், அந்தக் கத்திக்கே வந்த துடைக்கும் துணி.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி தையல்காரி. வாசல் அறையில் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்குத் தெரியும். ஒரு அங்குலத்தைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. கூர் என்றால் என்ன என்று அந்த வீட்டில் நிஜமாகத் தெரிந்த ஆளும் அவள்தான். துணி வெட்டும் கத்திரியால் அவர் ஒருநாள் காலண்டர் தாளை வெட்டியதற்கு, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு வாயே திறக்காமல் போய்ப் படுத்தவள். கணவரின் கத்திப் பைத்தியத்தைப் பற்றி அவளிடம் யாராவது கிண்டினால், "குடிக்கலை, சீட்டாடலை. கத்திக்கு எண்ணெய் போடுறார். போட்டுட்டுப் போகட்டும்" என்று ஊசியில் நூல் கோப்பாள்.

உறைக்காரரின் பெருமைக்கெல்லாம் சிகரம், கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய சமையல் கத்தி. அதை அடித்த பட்டறைக்காரர் முன்பு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். வேலையை விட்டு, தாடி வளர்த்து, தோலில் ஏப்ரன் கட்டி, சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் கேமராவைப் பார்க்கிறவர். அவரிடம் கத்தி வாங்க முடியாது, காத்திருக்கத்தான் முடியும். உறைக்காரரும் தவம் கிடந்து வாங்கினார். மரப்பெட்டியில் ஒரு அட்டையும் வந்தது. "இந்தக் கத்தி சமையலறைக்காகப் பிறந்தது" என்று அதில் எழுதியிருந்ததை மனைவிக்குக் குரல் தழுதழுக்கப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, கத்தியைக் கொண்டுபோய்க் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அலமாரியின் தலையிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கி, கையுறை போட்டு, எண்ணெய் தடவி, மறுபடி படுக்க வைப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. துருப்பிடிக்கிற ரகத்து எஃகு. கைவேர்வை பட்டாலே கெட்டுவிடுமாம்.

அவள் தொடுவதாகவே இல்லை. ஒரு பூசணிக்காய்தான் தொட வைத்தது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய அவளுடைய பிளாஸ்டிக் பிடிக் கத்தி, பூசணிக்குள் பாதி இறங்கி, பிடி கையோடும் அலகு காயோடும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. அவர் ஆபீஸ் போயிருந்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள், அலமாரியைப் பார்த்தாள், சாவியை எடுத்தாள்.

கத்தி பூசணியில் இறங்கியபோது அவள் கை நின்றுவிட்டது. நல்ல துணியில் நல்ல கத்திரியை வைத்தால், திறந்து மூட வேண்டிய அவசியமே இல்லாமல் துணி தானாக வழிவிடுமே, அந்தச் சுகம். அடுத்து ஒரு தக்காளியை எடுத்தாள். தேவையே இல்லை, சமையலில் தக்காளியும் இல்லை, சும்மா பார்ப்பதற்காக. தோல் நசுங்கவில்லை, சாறு தெறிக்கவில்லை, துண்டுகள் பாட்டுக்குச் சாய்ந்து படுத்தன. அன்றைக்கு வீட்டிலிருந்த காய்கறி அத்தனையும் நறுக்கப்பட்டுவிட்டது. ராத்திரி சாப்பாட்டைப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார் உறைக்காரர்.

பிறகு அது வழக்கமாகிப் போனது. அவர் படியிறங்கினால் கத்தியும் அலமாரியை விட்டு இறங்கும். நறுக்கிய கையோடு கழுவி, ஈரம் உலருமுன் துடைத்து, பொட்டு எண்ணெய் தொட்டு வைத்துவிடுவாள். பதம் குறைவதுபோல் இருந்தால் அவருடைய பழைய பெல்ட் ஒன்றைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்து, அதில் நாலு தேய்ப்பு. மற்ற பெண்கள் கணவன் ஆபீஸ் போனதும் ரகசியமாக என்னென்னவோ செய்வதாகக் கேள்விப்படுகிறோம். இவள் கேரட் நறுக்கினாள்.

எஃகு பாவம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. வெங்காயம் பட்ட இடம் சாம்பல் நிறமானது, இறைச்சி பட்ட இடத்தில் மயில் கழுத்துபோல் ஒரு நீலம் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உறைக்காரர் கத்தியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தும் விட்டாள்.

அவர் திரும்பினார். கண்ணில் தண்ணீர்.

"பார்த்தியா? பழுத்துருச்சு."

அவள் உட்கார்ந்து மறுபடி மிஷினை மிதித்தாள்.

தன் எண்ணெயின் மகிமை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எண்ணெய், காற்று, பொறுமை, இந்த மூன்றும் சேர்ந்தால் எஃகு தானாக நிறம் கொள்ளுமாம். கத்திப் பிரியர்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. நாட்டில் வேலை இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அதில் படம் போட்டார். "காற்றில் பழுத்தது. ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை" என்று கீழே ஒரு வரி. குழு தலைகால் புரியாமல் ஆடியது. என்ன எண்ணெய் என்று கெஞ்சினார்கள். அது குடும்ப விஷயம் என்று எழுதிவிட்டார். ஒரு வகையில் உண்மைதான்.

அந்தக் குழுவில் பல் டாக்டர் ஒருவர். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எஃகை விட்டு எடுத்தும் ஆசை தீராமல், வீட்டில் ஒரு பீரோ நிறையக் கத்திகளை வெல்வெட்டில் படுக்க வைத்திருப்பவர். படத்தைப் பார்த்ததிலிருந்து மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. பட்டறைக்காரரிடம் கத்தி வாங்க அவருடைய முறை அடுத்த மாதமே வரவிருந்தது. அந்த முறையை உறைக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன், காற்றில் பழுத்ததை எனக்குக் கொடுங்கள் என்றார். உறைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுக் கத்தி அடிக்கச் சொல்லலாம், அதையும் பழுக்க வைக்கலாம், குழுவில் இன்னொரு ஆட்டம் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

இதைக் கேட்ட நாளிலிருந்து தையல்காரிக்கு ஒரு தையல்கூட நேராக விழவில்லை. துணியோடு காத்திருந்த பெண்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அவள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"அதைக் குடுத்துத்தான் ஆகணுமாங்க?"

"உனக்கென்ன அதுல? உனக்குத்தான் காய் நறுக்க ஒண்ணு இருக்கே."

இருந்ததா? அது பூசணியோடு போய்ச் சேர்ந்து எத்தனையோ மாதம் ஆகிறது. குப்பைக்குப் போன கத்தி இன்னும் அடுப்பங்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்ட மனிதரை என்ன சொல்வது?

தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் குதிப்பார். அப்புறம் இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டு, வாயை மூடிக்கொண்டு டாக்டரிடம் கொடுத்துவிடுவார். அவரிடம் சொல்லிப் பயனில்லை. சொல்வதானால் டாக்டர் காதில் விழச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கணவர் மானம் போகும். கட்டிக்கொண்டவரை அவளே ஊர் சிரிக்க வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், அவள் கைக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்ட அந்தக் கத்தி, பல் டாக்டரின் வெல்வெட்டில் படுத்து எண்ணெய் குடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார், மனைவியோடு. அந்த அம்மாள் இந்த மாதிரிப் பல வீட்டுச் சோபாக்களில் உட்கார்ந்து சலித்தவள் போலிருக்கிறது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். டாக்டர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். சொத்தைப் பல் பார்க்கிற லென்ஸை நெற்றியில் மாட்டிக் கண்ணுக்கு இறக்கினார். கத்தியை மூக்கருகே கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"சார், இந்த நீலம் இருக்கே. இதைச் செயற்கையா யாராலயும் கொண்டுவர முடியாது."

"பொறுமை வேணும் டாக்டர்" என்றார் உறைக்காரர் அடக்கமாக.

தையல்காரி தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது கறி நறுக்கினதுல வந்தது, டாக்டர்."

டாக்டர் சிரித்தார். வீட்டம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று உறைக்காரரிடம் பாராட்டினார். உறைக்காரரும் சிரித்தார். காய் நறுக்கினால் கத்தியில் கறைதான் படும், இந்த மாதிரிக் கலை வராது என்று டாக்டர் அவளுக்கு அன்போடு விளக்கவும் ஆரம்பித்தார். ஒருத்தி தினமும் செய்கிற வேலையில் என்ன வரும் வராது என்று அவளுக்கே வகுப்பு எடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதுவரை அவளுக்குப் பயம்தான் இருந்தது. அந்த விளக்கத்தோடு அது போய்விட்டது. உள்ளே போய்ப் பலகையும் இரண்டு வெங்காயமும் எடுத்துக்கொண்டு வந்தாள். "குடுங்க" என்று கையை நீட்டினாள். எப்படிக் கேட்டாளோ, டாக்டர் கொடுத்துவிட்டார்.

நுனியைக் கிள்ளி, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, படுக்க வைத்து, நறுக்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கத்தி அசைவது தெரிந்தது, வெட்டுவது தெரியவில்லை. தேநீர் ஆறுவதற்குள் வெங்காயம் பொடிப்பொடியாகிக் கிடந்தது. அவள் பார்வை பலகையில் இல்லை, டாக்டர் முகத்தில் இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் பழக்கத்தில் வருகிற கை இல்லை அது என்று பார்த்த எவருக்கும் புரியும். பல் டாக்டருக்கும் புரிந்தது.

"யூஸ் பண்ணினதா?" என்றார். அடுத்தவர் டூத்பிரஷை வாயில் வைத்துவிட்டதுபோல் முகம் சுருங்கிப் போயிற்று.

"தினமும்" என்றாள்.

டாக்டர் லென்ஸைக் கழற்றினார். கையுறையைக் கழற்றினார். தேநீரைத் தொடவில்லை. பட்டறைக்காரரிடம் தன் முறை தன்னிடமே இருக்கட்டும் என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் மனைவி மட்டும் பின்தங்கினாள். வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், குரலைத் தாழ்த்தி, கோழியும் இப்படி வெட்டுமா என்று கேட்டாள்.

"வெட்டும். எலும்புல மட்டும் போடாதீங்க. கழுவினதும் துடைச்சிடணும், அவ்வளவுதான்."

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். பல் டாக்டரின் வெல்வெட்டுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது.

உறைக்காரர் சோபாவில் சரிந்து கிடந்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவருக்கு வந்த கவலையே வேறு.

"குழுல சொல்லிடுவாரோ?"

"எப்படிச் சொல்லுவாரு? வெங்காயக் கறையை லென்ஸ் வச்சுப் பார்த்து மயங்கினேன்னா?"

அதில் இருந்த நியாயம் அவருக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டார். ஒருநாள் ராத்திரி என்ன விசேஷம் என்று கேட்டீர்களே, அன்றிலிருந்து என்றாள். அதன் பிறகு சாப்பிட்டதெல்லாம் இந்தக் கத்தியாலா என்றார். ஆமாம் என்றாள். இனிமேல் இது அலமாரிக்குப் போகாது, அடுப்பங்கரையில்தான் இருக்கும் என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லி முடித்தாள். அவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழுத்த எஃகை விற்கலாம். வெங்காயம் நறுக்கியதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

ஆனாலும் ஆசை யாரை விட்டது? கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எழுந்து சமையலறைக்கு வந்தார். அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்று நறுக்கிப் பார்க்கிறேனே என்றார். அவள் ஒதுங்கி இடம் விட்டாள். உறைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார், காலை அகட்டி நின்றார், வீடியோவில் பார்த்தபடி விரல்களைப் பிடியில் ஒவ்வொன்றாகப் படியவைத்தார், முழு வெங்காயத்தைப் பலகையின் நடுவில் நிறுத்தினார், ஆழ மூச்சு இழுத்துக் கத்தியை ஓங்கினார்.

"என்னங்க" என்றாள் அவள். "முதல்ல தோலை உரிங்க."