பூஜ்யம் வரும்வரை

எங்கள் குழுவில் எனக்குப் பேயோட்டி என்று பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கணித மென்பொருளை, சம்பளமில்லாமல், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு உருவாக்கும் குழு அது. கணிதம் தெரிந்தவர்கள் நிரல் எழுதுவார்கள். கணிதம் சுட்டுப்போட்டாலும் வராத நான், அது எல்லாக் கணினிகளிலும் ஓடும்படி பார்த்துக்கொள்வேன். நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலரிலும் தவறுகள் இருக்கும். நாம் ஒழுங்காக எழுதிய கூட்டலை அது கோணலாக மாற்றித் தொலைக்கும். அதைத் திருத்துவது நம் கையில் இல்லை. அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்றுவழி எழுத வேண்டும். அப்படி எழுதுவதுதான் பேயோட்டுவது.

உண்மையாகவே சில பேய்களைப் பிடித்திருக்கிறேன். அதில் தலைக்கனம் ஏறிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நான் கம்பைலர்மேல்தான் பழி போடுவேன் என்று என் மனைவி சொல்வாள். நான் மறுத்ததில்லை.

அக்கா பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறாள். தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட்டு நீட்டிப்பார்கள், இந்த வருடத்தோடு நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கட்டுரை நல்ல இதழில் வந்தால் நிரந்தரமாக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவளும் எழுதினாள். ஒரு பெரிய சமன்பாட்டுக் கூட்டத்துக்குத் தெரிந்த தீர்வுகளைத் தவிர வேறு தீர்வே கிடையாது என்பது அதன் சாரம். எங்கள் மென்பொருளில்தான் கணக்கிட்டாள். கூடுதல் தீர்வுகள் பூஜ்யம் என்று அது சொன்னது.

கட்டுரையைப் பரிசீலித்தவர் அதே கணக்கைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்று என்று வந்திருக்கிறது. அக்கா போனில் அழைத்தாள்.

"டேய், ஒண்ணு வருதுன்னு எழுதியிருக்கார்டா. இப்போ என்னடா பண்றது?"

"அந்த ஆளு எந்தக் கம்பைலர் வெச்சிருக்கார்?"

"புதுசு. உன்னோடதைவிடப் புதுசு."

"அப்போ முடிஞ்சுது. நீ நிம்மதியா சாப்பிடு. நான் பார்த்துக்கறேன்."

சனிக்கிழமை மதியம் அவளுடைய துறைக்குப் போனேன். மூன்று பேருக்கான அறை. கதவு சாத்தாத இரும்பு பீரோ, ஒரு கை உடைந்த சுழல் நாற்காலி, விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே அவளுடைய பழைய கணினி. பரிசீலித்தவரிடம் இருப்பது போன்ற கணினி ஒன்றை எங்கள் குழு எங்கோ வாடகைக்கு வைத்திருந்தது. அதில் இங்கிருந்தே நுழைந்து கணக்கை ஓட்டினேன். ஒன்று வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

கம்பைலர் வேகத்துக்காகச் செய்கிற தில்லுமுல்லுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஒன்றுதான் வந்தது. நடுவில் தேவையே இல்லாத ஒரு அச்சிடும் வரியைச் செருகினேன். என் துறையில் இதுவும் ஒரு வைத்தியம். அப்போதும் ஒன்றுதான். கடைசியில், பழைய கம்பைலருக்காகப் போன வருடம் நானே எழுதிய மாற்றுவழி ஒன்று ஞாபகம் வந்தது. அது பழைய கம்பைலரைக் கண்டால் மட்டும் தானாக இயங்கும். புதியதிலும் அதை வலுக்கட்டாயமாக இயக்கினேன்.

பூஜ்யம்.

நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். "பார்த்தியா! அதே பேய்தான். புதுக் கம்பைலர்லயும் திரும்பி வந்திருக்கு. நாளைக்கே அவங்க மேல புகார் எழுதறேன்."

அக்காவின் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. பிறகு அவளுடைய தொழில் புத்தி குறுக்கே வந்தது.

"இருடா. நீ ஒவ்வொண்ணா மாத்திட்டே வந்தே. எப்போ நிறுத்தினே?"

"பூஜ்யம் வந்தப்போ."

"நான் ஒண்ணுன்னு எழுதி, அவர் பூஜ்யம்னு சொல்லியிருந்தா?"

ஒன்று வரும்வரை மாற்றியிருப்பேன்.

"சரி, அந்த ஒண்ணை எடு. தீர்வுதானே? திரும்பச் சமன்பாட்டுல போட்டுப் பார்த்தா பொருந்துதா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்றாள்.

அதற்கு எங்கள் மென்பொருள்கூட வேண்டியதில்லை. பெருக்கிக் கூட்டத் தெரிந்தால் போதும். அவளே ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஒவ்வொரு சமன்பாடாக ஓடியது. எல்லாம் பொருந்தியது. ஒன்றாவது பொருந்தாமல் போகாதா என்று கடைசிச் சமன்பாடு வரை மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதுவும் பொருந்தியது.

அக்கா எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். நான் என் மாற்றுவழியைத் திறந்தேன். பெரிய அட்டவணையைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடும் இடம். கடைசித் துண்டு மற்றவற்றைவிடச் சின்னதாக வந்தால், அதைத் தொடாமலே விட்டிருந்தேன். எங்கள் சோதனைக் கணக்குகள் எல்லாம் சமமாக வெட்டுப்படுபவை. அக்காவுடையது சமமாக வெட்டுப்படவில்லை. அந்தக் கடைசித் துண்டில்தான் தீர்வு இருந்தது. அக்காவின் கணினியில் இருந்த பழைய கம்பைலரைக் கண்டு என் மாற்றுவழி தானாக இயங்கி, அதை விழுங்கியிருந்தது. பேய் நான்தான்.

"அக்கா, கம்பைலர் இல்ல. நான்."

"தெரியும். நீ திறந்தப்பவே உன் முதுகைப் பார்த்தேன்."

"அவருக்கு எழுது. என் பேரைப் போட்டே எழுது. மென்பொருள் தப்புன்னு வந்தா யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

"கட்டுரைல என் பேருதானேடா இருக்கு? பொருந்துதான்னு பார்க்க அரை மணி நேரம் ஆகலை. அவருக்கு ஒண்ணுன்னு வந்தன்னிக்கே நான் பார்த்திருக்கணும். நீ பூஜ்யம் கொண்டு வருவேன்னு காத்துட்டிருந்தேன்."

சண்டை போட்டேன், கெஞ்சினேன். வாழ்நாள் முழுக்கப் பழியை அடுத்தவன் தலையில் கட்டியே பழகியவன், அன்றைக்கு ஒரு பழியை எனக்குக் கொடு என்று அக்காவிடம் பிச்சை கேட்டேன். அவள் தரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது என்று எழுதினாள். அவ்வளவுதான், வேலையும் போயிற்று என்று இருவருக்கும் தெரியும்.

"அதைத் திருத்திட்டியா?" என்றாள்.

"திருத்திட்டேன்."

"என் மிஷின்ல போடு."

அந்தப் பழைய கணினியில் பழைய கம்பைலர் மெதுவாக எல்லாவற்றையும் மாற்றி முடித்தது. கணக்கு ஓடியது. திரையில் ஒன்று என்று வந்தது.

"நல்லா வேலை செய்யுதுடா" என்று சொல்லி அக்கா என் தோளைத் தட்டினாள். நான் உடைந்து அழுதேன்.