துருத்தித் தையல்

உலைக்குக் காற்று ஊதுகிற தோல் துருத்தி கசிந்தால் முதலில் தெரிவது மூக்கம்மாளுக்குத்தான். கயிற்றை இழுக்கிற கைக்கே அது எட்டிவிடும். எழுந்துபோய்த் தோலைத் தடவி, காற்று ஓடுகிற பொத்தலைக் கண்டுபிடிப்பாள். பிறகு ஒரு துண்டுத் தோலைத் தொட்டியில் ஊறப்போட்டு, சொதசொதவென்று இருக்கும்போதே இழுத்துப் பிடித்துத் தைப்பாள். ஈரத்தில் தைத்த தோல் காயக் காயச் சுருங்கும். சுருங்கி நூலைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அந்த இடத்தில் காற்று நுழையாது. தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசை போகிற பாதையில் ஆவுடையப்பன் ஆசாரியின் பட்டறை உலைதான் சீக்கிரம் சிவக்கும் என்பார்கள். அது அவர் மனைவியின் ஊசி வேலை என்று யாரும் சொன்னதில்லை.

அவள் தம்பி இசக்கி அந்தப் பட்டறையில்தான் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குற்றாலத்து மலைக்கு வேட்டையாட வருகிற எஸ்டேட் துரைக்கு வழிகாட்டப் போய்விட்டான்.

"இரும்ப விட்டுட்டு வேட்டை நாயோட ஓடுதான்" என்று ஆவுடையப்பன் தெருவில் நின்று சொன்னார்.

"உலைக்கு முன்னால உக்காந்து உக்காந்து அத்தானுக்கு மூளையும் கரியாப் போச்சு" என்று இசக்கி மேலகரத்தில் சொன்னான்.

இரண்டும் போய்ச்சேர வேண்டிய காதுகளுக்குப் போய்ச்சேர்ந்தன. அதோடு பேச்சு நின்றது. இசக்கியின் கல்யாணத்துக்கு ஆவுடையப்பன் போனார், சாப்பிட்டார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார். தம்பி குடியிருந்த மேலகரத்துக்கு மூக்கம்மாள் கோயிலைச் சாக்குச் சொல்லிப் போய்வந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரு வரிசையில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதைத் தன் கையால் பரிமாற வேண்டும்.

சாரல் பிடித்திருந்த நாளில், இசக்கி மனைவி வள்ளித்தாய் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில், மூலையில் கிடந்த மோட்டார் பஸ்ஸின் உடைந்த வில்பட்டையை எடுத்து உலையில் வைத்தார்.

"அது யாருக்கு?" என்றாள் மூக்கம்மாள்.

"கேட்டவனுக்கு."

"யாரு கேட்டா?"

"ஊதுட்டி."

அரிவாளும் கொழுவும் மண்வெட்டியும் அடித்த கை அது. இது வேறு வேலை. ஒரு சாண் நீளம், தடித்த முதுகு, நுனியில் குத்துவதற்கு ஏற்ற கூர்மை. ஊதுகிற நேரத்தில் ஊதி, அடிக்கிற நேரத்தில் அவளே எழுந்து சம்மட்டி போட்டாள். இலந்தைப்பழ நிறம் வந்ததும் அவர் அலகைத் தண்ணீரில் இறக்கினார். அதன் சீறல் அடங்கியது. பிறகு அவர் வீட்டுக்குள் போய், சுவரில் துணி தொங்கவிட்டிருந்த மிளா மான் கொம்பைக் கழற்றி எடுத்துவந்தார். துரையோடு போன முதல் வேட்டையில் கிடைத்ததென்று இசக்கி அக்காளுக்குக் கொடுத்த கொம்பு. அதை அவர் பிடிக்கு அறுக்கத் தொடங்கியதும்தான் கத்தி யாருக்கென்று அவளுக்கு விளங்கியது. கண்ணில் கரித்தூள் விழுந்தாற்போல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"உறைக்கு, செருப்புத் தைக்கித பிச்சுமணிட்ட குடுப்போம்" என்றார்.

"நான் தைக்குதேன்."

"உனக்குத் துருத்திதான தெரியும்?"

"தோல்தான அதுவும்?"

அவர் கத்தியை அவள் பக்கம் தள்ளினார். துருத்திக்கு வைத்திருந்த எருமைத் தோலில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, ஊறவைத்து, கத்தியின் மேலேயே சுற்றி இழுத்து, மெழுகு தேய்த்த நூலால் நெருக்கித் தைத்தாள். தம்பிக்கு என்பதால் தையல் மேல் தையல் போட்டாள். ஆவுடையப்பன் கத்தியை உருவிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறினார், விழவில்லை.

"நல்லாக் கவ்வுது. மலையில எங்கன உருண்டாலும் கத்தி கீழ விழாது" என்றார்.

அவர் வாயிலிருந்து அவள் வேலைக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. சாரல் விடாததால் தோல் இன்னும் காயாமல் இருந்தது. கிடக்கட்டும், போகப் போகக் காய்ந்துவிடும் என்று நினைத்தாள்.

அழைப்பு சொல்லி அனுப்பியதும் இசக்கி வந்தான். பட்டறை வாசலில் தலையைக் குனிந்து நின்றான். இரும்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் பகை வரும் என்பார்கள். ஆவுடையப்பன் கத்தியை இரும்படிக்கிற பட்டடை மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எடுத்துக்கலே."

இசக்கி எடுத்தான். பிடியைப் பார்த்தான். "இது என் கொம்புல்லா?"

"ஆமா. அதுல துணி காயப்போட்டா உன் அக்கா."

"உறை?"

"அது உன் அக்கா."

"அப்போ அத்தான் என்னதான் செஞ்சிய?"

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். "நடுவுல இருக்கித இரும்பு மட்டும்தாம்லே நான். கரடி வந்தா உன் துரை துப்பாக்கியத் தேடிக்கிட்டு இருப்பான், நீ இத எடு."

அன்றைக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "புளிக்குழம்பு ஊத்துக்கா, அத்தானுக்கும் ஊத்து, உலைச் சூட்டுல தொண்டை வறண்டு கிடக்கு" என்றான் இசக்கி. அவள் ஊற்றினாள். மறுநாள் அவன் துரையோடு மலையேறினான்.

சில நாள் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் கீழே வந்தார்கள். செண்பகாதேவி அருவிக்கு மேலே கரடி அடித்துவிட்டது. கூடப் போயிருந்த சுடலைக்கண்ணு, மேலகரத்து வீட்டு வாசலில் ஊர் கூடியிருக்க, முகத்தை மூடிக்கொண்டு சொன்னான்.

"மேல மழையா பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உறை நனைஞ்சுரும், அக்கா தைச்சது, கெட்டுப்போயிரும்னு பொழுது சாயவும் தீக்குப் பக்கத்துலயே கத்தியோட வச்சுக் காயப்போடுவான். எங்கள ஒருத்தரையும் தொட விடமாட்டான். அன்னைக்கிப் புதர்ல இருந்து அது நேரா அவன் மேல வந்துச்சு. கத்திய உருவுனான், வரல. ரெண்டு கையாலயும் இழுத்தான். வாரு பிஞ்சு உறையோட கைக்கு வந்துச்சு, கத்தி வரல. உறையாலயே அத அடிச்சாம்மா. நான் கல்ல எடுத்துட்டு ஓடுததுக்குள்ள..."

கத்தியை உறையோடு தரையில் வைத்தான். தோல் மரக்கட்டைபோல இறுகியிருந்தது. மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். தையல் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. துருத்தியில் அவள் எப்போதும் பார்க்கிற இறுக்கம்.

வள்ளித்தாய் சுவரைப் பிடித்து எழுந்தாள். அவள் பார்த்தது ஆவுடையப்பனை.

"அண்ணே, ஊருக்கெல்லாம் நல்ல அரிவா அடிச்சுக் குடுக்கிய. இவுகளுக்கு மட்டும் உருவ முடியாத கத்தியக் குடுத்தியளே. சம்மட்டிய விட்டுட்டுப் போனதுக்கா?"

"நான்தான் தைச்சேன்" என்றாள் மூக்கம்மாள். "உறையத் தைச்சது நான். துருத்திக்குத் தைக்கித மாதிரி ஈரத்துல தைச்சேன். காஞ்சா சுருங்கும்னு தெரியும். தெரிஞ்சும் எனக்குத் தோணல வள்ளி."

வள்ளித்தாயின் அப்பா செல்லச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "பொம்பள உறை தைச்சாளாம். புருசனக் காப்பாத்த இன்னும் என்னெல்லாம் சொல்லுவா பாரு."

கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இரண்டு பேருக்கும் இருந்த சண்டை ஊருக்கே தெரியும். ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து கத்தியோடு நடந்து வரும்போது அவள் கேட்டாள். "நீங்க ஏன் ஒத்த வார்த்த சொல்லல? நான் தைச்சதுதான்னு சொல்லியிருக்கலாம்லா?"

"உருவிப் பாத்துட்டு நல்லாக் கவ்வுதுன்னு சொன்னவன் யாரு?"

"அது வேற."

"தம்பியக் கொன்னவன்னு உன்னச் சொல்லுததுக்கு, மச்சினனக் கொன்னவன்னு என்னச் சொல்லிட்டுப் போட்டும். நடட்டி."

வீட்டுக்கு வந்ததும் அவள் உறையைத் தொட்டியில் போட்டாள். ஊறிய பிறகு இழுத்தாள். கத்தி எளிதாக வந்தது. அலகில் ஒரு கீறல் இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. ஒரு வேலையும் பார்க்காத இரும்புபோலக் கிடந்தது.

இதைக் காட்டினால் வள்ளித்தாய்க்கு விளங்கிவிடும் என்று அவள் நம்பினாள். ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலகரத்துக்கு நடந்தாள்.

"பாரு வள்ளி. நனைஞ்சிருந்தா வரும். காஞ்சா பிடிச்சுக்கும். எங்க வீட்டுக்காரர் மேல குத்தம் இல்ல, என் தையல்தான். நீயே உருவிப் பாரு."

வள்ளித்தாய் வாங்கி உருவினாள். கத்தி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. திரும்பச் செருகினாள். திரும்ப உருவினாள்.

"வருதே மதினி" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்கு வருது. உங்களுக்கும் வருது. அவுகளுக்கு மட்டும் வரலையே."

மூக்கம்மாள் மறுபடி சொல்ல வாயெடுத்தாள். வள்ளித்தாய் கத்தியையும் உறையையும் வாசற்படிக்கு வெளியே வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. பிள்ள பொறந்தா ஆள் அனுப்ப மாட்டோம். நீங்களும் வராதீக."

அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆவுடையப்பன் கத்தியைக் கையில் வாங்காமல், அவள் பட்டடையில் வைக்கிறவரை நின்று, பிறகு எடுத்தார். ஆணிகளைத் தட்டிக் கழற்றி, கொம்புப் பிடியைத் தனியே வைத்தார். வெறும் அலகை உலையில் செருகினார்.

"என்னத்துக்கு அடிக்கப்போறிய?" என்று கேட்டாள்.

"ஊதுட்டி."

கயிற்றை இழுத்தாள். கரி சிவக்கவில்லை. கசிகிறதென்று கை சொன்னது. எழுந்துபோய்த் தோலைத் தடவினாள். அடியில், மடிப்புக்குப் பக்கத்தில், காற்று விரலில் பட்டது.

உறை ஈரமாகத்தான் இருந்தது. தையலைப் பிரித்து, அதிலிருந்தே ஒரு துண்டை வெட்டினாள். ஊசியில் நூல் கோக்கக் கொஞ்ச நேரம் ஆனது. துண்டை ஓட்டையின் மேல் வைத்து, இழுத்துப் பிடித்து, நெருக்கித் தைத்தாள். வேறு மாதிரி தைக்க அவளுக்குத் தெரியாது.