பதினான்காம் நம்பர் ரத்தம்

வீரபாண்டிச் சாயப்பட்டறையில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆட்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஓடியது சிவப்புச் சாயம். எல்லோருடைய கையும் முழங்கை வரை சிவந்திருந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவி நசீம் பானு, ஒவ்வொருவரிடமும் ரத்தம் எடுத்து, குழாயில் நம்பர் ஒட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் செருகிக்கொண்டிருந்தாள். பதினான்காவது ஆள் காசிமாயன். சாயத்துக்கு அடியில் அவன் நரம்பைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று.

தூக்குவாளியில் சோறு கொண்டுவந்த அவன் மனைவி ஒச்சாயியையும் நசீம் பானு கூப்பிட்டாள்.

"நீங்களும் இங்கதான் வேலையாக்கா?"

"இல்லம்மா. பனியன் கம்பெனியில, செக்கிங்."

"சாயத்தைத் தொடாதவங்க ரத்தமும் வேணுங்க்கா, ஒப்பிட்டுப் பாக்க. தர்றீங்களா?"

ஒச்சாயி கையை நீட்டினாள். படிவத்தில் குழந்தைகள் என்று ஓர் இடம் இருந்தது.

"மூணும்மா. ரெண்டு அஞ்சாம் மாசத்துலயே போச்சு. ஒண்ணு பொறந்து ஒம்பது நாள் இருந்துச்சு." நசீம் பானுவின் பேனா நின்றது. ஒச்சாயி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இதுல தெரிஞ்சிருமா, யாருக்குக் கொறன்னு?"

கல்யாணமான கையோடு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமியார் காசிமாயனுக்கு வேறு பெண் பார்ப்பதைப் பற்றி ஒச்சாயி காதுபடவே பேசினாள். அவன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒச்சாயி அரைநாள் லீவு போட்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினாள். ஆய்வுக்கூடத்தில் நசீம் பானு அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். வெள்ளையில் குட்டிக்குட்டிக் கறுப்புக் குச்சிகள் சிதறிக் கிடந்தன.

"ஒடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் இப்படி நூல் மாதிரி இருக்குங்க்கா. நாம எப்படி இருக்கணுங்கறதே இதுலதான் இருக்கு."

பனியனில் ஓட்டை தேடித்தேடிப் பழகிய கண். நசீம் பானு பென்சிலை எடுக்கும் முன்பே ஒச்சாயி இரண்டு இடத்தில் விரல் வைத்தாள். "இங்க அந்து போயிருக்கு. இங்கயும்."

"ஆமாங்க்கா. அது உங்க வீட்டுக்காரரோடது. நூறு உயிரணு எடுத்தா உங்களுக்கு ஒண்ணுலதான் இப்படி. அவருக்குப் பதினொண்ணு. பட்டறை ஆளுங்க பூரா அப்படித்தான் இருக்கு."

"புள்ளைக போனது இதுனாலயா?"

"இருக்கலாங்க்கா. ஆனா இன்னாருக்கு இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"எங்கிட்டக் கொறையில்லன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடும்மா. ஊர்ல காட்டணும்."

நசீம் பானு போட்டோவை உறைக்குள் போட்டாள். "பேர் போட்டு எதுவும் வெளிய தரமாட்டோம்னு சொன்னப்புறந்தான் முதலாளிங்க எங்களை உள்ளயே விட்டாங்க. என்னால முடியாதுக்கா." அதற்கப்புறம் அவள் தலை நிமிரவில்லை.

பஸ்ஸில் வரும்போது, மாமியாரிடம் என்னென்ன கேட்கலாம் என்று ஒச்சாயி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் காசிமாயன் குழாயடியில் குந்தி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தேய்ப்பது நின்றது.

"அப்ப நாந்தானா?"

அவள் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"அந்த ஒம்பது நாளும் நான் அதத் தூக்கவே இல்ல புள்ள. கையில சாயம், பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கிரும்னு தள்ளித் தள்ளி நின்னேன். அதுக்கு முந்தியே, கருவுலயே அந்து போன நூலக் குடுத்திருக்கேன்."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. "நீ இல்ல மாமா. அந்தச் சாயத்தண்ணி" என்று அவன் கையைப் பிடித்து, நீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை அவன் முதலாளி முன்னால் நின்று, சாயத்தை விட்டு, துணி மடிக்கிற பக்கம் மாற்றிவிடும்படி கேட்டான். நூல் அந்துபோன கதையையும் சொன்னான்.

முதலாளி கோபப்படவில்லை. "ஆருங் கண்ணு உனக்கு இதெல்லாஞ் சொன்னது? ஒடம்புக்கு ஆவலீன்னா எதுக்குச் சாமி கஷ்டப்படோணும்? ஊருக்குப் போயி நல்லா இருங்க. நாளைக்கு வர வேண்டாம்."

ரத்தச் சோதனையைச் சொல்லி வேலை மாற்றிக் கேட்ட ஆள் என்று பேச்சு பரவி, வேறு பட்டறையிலும் அவனைச் சேர்க்கவில்லை. ரயிலடியில் துணி பேல் மூட்டை தூக்கப் போனான். குறை தன்னிடந்தான் என்று ஊருக்குப் போய் அம்மாவிடம் அவனே சொன்னான். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்று அவள் மண்ணை வாரித் தூற்றினாள். அதன்பிறகு அவர்கள் ஊருக்குப் போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் வழியில், காசிமாயன் வேலை பார்த்த பட்டறைக்குள்ளிருந்து யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டார்கள். ஒச்சாயி நின்று பார்த்தாள். அவர்கள் ஊர்க்காரன் பெரியகருப்பன். போன வாரந்தான் அவனுக்குக் கல்யாணம்.

"அண்ணன் பாத்த மிசினுதான்க்கா. வந்த மறுநாளே கெடச்சிருச்சு!" என்று சிரித்தான்.

வெறுங்காலோடு சாயத்தண்ணீரில் நின்று, தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அவன் துணியை இழுத்தான். மணிக்கட்டில் இன்னும் அவிழ்க்காத கல்யாணக் காப்புக்கயிற்றிலிருந்து சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது.