எல்லாரும் சமம், உள்ளே வாங்க

1

சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. ஏதோ ஆழ்ந்த சிந்தனையில் உதித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வெறும் வயிற்றோடு, எரிச்சலோடு, புதுக்கோட்டையில் ஒரு லேப் வாசலில் நின்றிருந்தேன் என்பதுதான் உண்மை. (எந்த லேப் என்று தேட வேண்டாம். இனி வருகிற லேப் நான் கட்டியது. சுவர், ஆட்கள், பெயர்கள் எல்லாம் என்னுடையவை.) உள்ளே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, என் பக்கத்தில் நின்றார்கள்.

"நீங்க உள்ள போகலீங்களா?" என்றேன்.

முக்காடு போட்டிருந்தவர், "நான் முஸ்லிமுங்க. பூஜை முடிஞ்சதும் போயிருவேன்," என்றார்.

மற்றவளைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான்... ஒண்ணுமில்லைங்க."

என் கேள்விக்கு அது பதிலா, தன்னைப் பற்றிய அறிமுகமா என்று அப்போது புரியவில்லை.

2

தொடக்கங்கள்:

விராலிமலையில் மயில்கள் அகவும் அதிகாலையில் கார்முகில்... (அடித்துவிட்டேன். விராலிமலை என்றதும் மயிலைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.)

இந்திய அரசியலமைப்பின் இருபத்தைந்தாவது பிரிவு எல்லோருக்கும் மனச்சான்றுச் சுதந்திரத்தை... (இதுவும் வேண்டாம். சட்டம் தானாக வரும். வந்து அவளுக்கு என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கார்முகில் விராலிமலைக்காரி. அந்த லேபில் ரத்தம் எடுப்பவள். பெயர் வைத்த அப்பா கடவுள் மறுப்பாளர். ஆனால் அவள் கறுப்புச் சட்டை போட்டவளும் இல்லை, மேடையேறியவளும் இல்லை. அம்மா ஐ.சி.யு.வில் கிடந்தபோது எல்லோரும் சொன்னார்களே என்று ஒருமுறை கும்பிட்டுப் பார்த்தாள். அம்மாவிடமே பொய் சொல்வது போல இருந்தது. அம்மா பிழைத்தார். அதற்குப் பிறகும் அவளால் கும்பிட முடியவில்லை.

லேபில் தினமும் காலையில் பூஜை உண்டு. கார்முகில் மற்றவர்களோடு உள்ளேயே நிற்பாள், கைகூப்பி, வாய்மூடி. வருடக்கணக்காக அப்படித்தான். ராபியா மட்டும் வெளியே நிற்பார். மதியம் ஸ்டோர் ரூம் மூலையில் தொழுதுகொள்ளவும் அவருக்கு அனுமதி உண்டு. அன்னவாசல்காரர், கணவர் இக்பால் துபாயில். விராலிமலை பஸ்ஸில் கார்முகிலுக்குப் பக்கத்து சீட்டு எப்போதும் ராபியாவுக்குத்தான்.

சிக்கல் ஒரு பதவி உயர்வில் வந்தது. சீனியர் ஆனவர்தான் பிரார்த்தனையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். கார்முகில் சீனியர் ஆனாள்.

மறுநாள் காலை ராபியாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னடி, இங்கிட்டு வந்துட்ட?"

"சும்மா நின்னுட்டுப் போயிரலாம்க்கா. வாய்விட்டுச் சொல்ல முடியல."

3

லேபை நடத்துகிற டாக்டர் வனிதா கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். எனக்கு நம்பிக்கை இல்ல. அதான்."

"ஒன்ன நம்பச் சொன்னேனா? ரெண்டு வரி சொல்லணும், அவ்வளவுதான்."

"ராபியாக்கா வெளிய நிக்கிறாங்களே மேடம்."

"அது அவங்க மதம். ஒன்ன எது தடுக்குது?"

அப்பா இருந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். கார்முகில் ஒரு சொல்தான் சொன்னாள்.

"மனசு மேடம்."

"மனசுக்கெல்லாம் விதிவிலக்கு குடுத்தா நான் லேப் நடத்த முடியுமா?"

(இந்த இடத்தில் வனிதாவை ஒரு வில்லியாக எழுதிப் பார்த்தேன். மோதிரங்கள் போட்டுவிட்டேன், குரலைத் தடிக்க வைத்தேன். எழுத்து சுலபமாக ஓடியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. கார்முகிலுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் இந்த வனிதா. தன் லேபில் வருகிற ஒவ்வொரு ரிசல்ட்டும் யாரோ ஒருவருடைய உயிர் என்று உண்மையாகவே பயந்து, அந்தப் பயத்தோடு தினமும் விளக்கேற்றுகிறவர். மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். கதை கஷ்டமாகிவிட்டது.)

4

அன்புமொழி வக்கீல், கார்முகிலின் அப்பாவுக்குத் தெரிந்தவர். சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டம் நம்பிக்கைய மட்டும் சொல்லலம்மா. மனச்சான்றுன்னும் சொல்லுது. நம்பாம இருக்குறதும் அதுக்குள்ள வரும்னு வாதாடலாம். தேசிய கீதத்தப் பாட மாட்டோம், எந்திரிச்சு மட்டும் நிப்போம்னு சொன்ன பிள்ளைங்களப் பள்ளிக்கூடம் வெளிய அனுப்புனது தப்புன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. அவர் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"ஆனா அந்த உரிமையெல்லாம் பெரும்பாலும் அரசாங்கத்துக்கிட்ட கேக்குறது. ஒங்க மேடம் அரசாங்கம் இல்ல. தனியார் எடத்துல ஒருத்தரோட நம்பிக்கைக்காக வேத்துமை காட்டக் கூடாதுன்னு நேரா சொல்ற பொதுச் சட்டம் நம்மகிட்ட இல்ல."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?"

"நோட்டீஸ் அனுப்பிப் பாக்கலாம். ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தருக்கு ஏன் குடுக்கலன்னு கேக்கலாம். அதுக்கு அந்த ராபியா வந்து சொல்லணும். மொதல்ல நீங்களே வாயால கேளுங்க. பக்குவமா."

பக்குவமாகத்தான் கேட்டாள். "ராபியாக்காவுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி வேணாம் மேடம். ரெண்டு பேரையும் ஒண்ணா நடத்துங்க."

வனிதா தலையாட்டினார். யோசித்துச் செய்வதாகச் சொன்னார். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வனிதா சொன்னார்: "கார்முகில் கேட்டது நியாயம். ஆளுக்கு ஒரு சட்டம் கூடாது. இனிமே எல்லாரும் சமம். ரெண்டு பேரும் உள்ள வாங்க."

5

அன்று வனிதாவே பிரார்த்தனையைச் சொன்னார். ராபியா உள்ளே நின்றார். கை கூப்பவில்லை. கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். கற்பூரத் தட்டு முன்னால் வந்தபோது பின்னால் நகர்ந்தார். பின்னால் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின், நகர இடமில்லை. அப்படியே அதில் சாய்ந்து நின்றார். மதியம் ஸ்டோர் ரூம் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் கார்முகிலுக்குப் பக்கத்து சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அன்னவாசலில் ராபியா இறங்கியதும் கார்முகிலும் இறங்கிப் பின்னாலேயே ஓடினாள்.

"ராபியாக்கா, நான் இப்படி ஆகும்னு நெனைக்கலக்கா."

ராபியா திரும்பினார். கண் சிவந்திருந்தது. "ஒனக்கு அது வெறும் ரெண்டு வரி. சொன்னா பொய், அவ்வளவுதான். எனக்கு அது பாவம்டி. வெளிய நிக்கிறேன்னு கேட்டு வாங்க நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? யார் கண்ணுலயும் படாம இத்தன நாளு காப்பாத்தி வச்சிருந்தேன்."

"எனக்கும் குடுங்கன்னுதான்க்கா கேட்டேன்."

"எனக்காகவும் சேத்துக் கேட்டியா, என்னையக் காட்டிக் கேட்டியா?"

கேட்டுவிட்டு ராபியா நடந்தார். (சமத்துவம் என்ற சொல்லை இதுவரை கூச்சமில்லாமல் எழுதிவந்தவன் நான். உயர்த்தியும் சமமாக்கலாம், பிடுங்கியும் சமமாக்கலாம் என்று)

(வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்னவாசலில் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.)

அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றாள். மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வனிதாவின் அறைக்குப் போனாள்.

"நான் சொல்றேன் மேடம். தினமும் சத்தமாவே சொல்றேன். ராபியாக்காவ மட்டும் பழையபடி விட்டுருங்க."

வனிதா நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தாள். அவர் முகத்தில் வந்தது அருவருப்பு போல ஒன்று.

"நம்பாமலா? ராபியாவுக்காகவா? சாமி முன்னாடி நிக்கிறதுக்கு யாராச்சும் பேரம் பேசுவாங்களா?"

"இவ்வளவு நாளும் நம்பாமத்தான மேடம் நின்னேன்? நீங்க ரெண்டு வரி போதும்னுதான சொன்னீங்க?"

வனிதா ராபியாவுக்குப் பழைய ஏற்பாடே தொடரும் என்றார். "ஒனக்கு ஒண்ணு செய்யுறேன். ஆவூர்ல சாம்பிள் எடுக்க ஒரு ரூம் போட்டுருக்கோம்ல, அங்க போயிரு. ஒன் வீட்டுக்கும் பக்கம். நீ ஒரு ஆளுதான். யாரும் எதுவும் சொல்லச் சொல்ல மாட்டாங்க."

ஆவூர் அறையின் சுவரில் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மாட்டிய மாதா படம் உண்டு. மாதா யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. ஆனால் அங்கே சீனியர் என்ற பதவியும் இல்லை, யாருக்குச் சீனியர்?

அன்புமொழிக்குப் போன் செய்தாள். "இது தண்டனையா, சலுகையா சார்?"

"அதத்தாம்மா நிரூபிக்கவே முடியாது," என்றார்.

6

முடிவுகள்:

அ. கார்முகில் வழக்குப் போட்டு, பல ஆண்டுகள் கழித்து... (ராபியா சாட்சிக்கூண்டில் நிற்க வேண்டும். அவரை மறுபடியும் ஒருமுறை மெஷினில் சாய்த்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.)

ஆ. கார்முகில் ஆவூருக்குப் போய் நிம்மதியாக... (வெளியே அனுப்பியதை நிம்மதி என்று எழுதினால் அது வனிதாவின் கதை.)

இ. வனிதா மனம் மாறி, பூஜையையே நிறுத்தி... (அவர் ஏன் நிறுத்த வேண்டும்? அவர் நம்புகிறார். அதுவும் மனசுதான்.)

மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கார்முகிலை ஒரு பேக்கரியில் சந்தித்தேன். (ஆம், கதாபாத்திரத்தைத்தான். என் லேபில் வேலை பார்ப்பவள் என் பேக்கரிக்கு வர மாட்டாளா?) படித்துக் காட்டுவதற்குள் அவளே சொன்னாள்.

"இன்னைக்கு ராபியாக்கா உள்ள போனாங்க. நான் மாத்தலுக்குச் சரின்னு சொல்லப் போற நேரம். எனக்கு முன்னாடி கதவத் தள்ளிக்கிட்டுப் போயி மேடத்துக்கிட்ட பேசுனாங்க."

"என்னன்னு?"

"'அவ ஆவூர் போவ வேணாம் மேடம். எனக்குக் குடுத்தத அவளுக்கும் குடுங்க. அவகிட்ட சாமி இல்லாம இருக்கலாம், மனசாட்சி இருக்குல்ல. குடுக்க முடியாதுன்னா எனக்குக் குடுத்ததையும் எடுத்துக்கங்க, நான் வேற வேல பாத்துக்கிறேன்'னு."

"மேடம்?"

"யோசிச்சுச் சொல்றேன்னாங்க. போன தடவையும் அதத்தான் சொன்னாங்க." கார்முகில் டீயைக் கையில் எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாள். "பயமா இருக்குங்க. எனக்கு வேல போனா எனக்குத்தான். அவங்களுக்கும் சேத்துல்ல போவும்?"

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் 'மேடம்'. அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றைக்கூட அவளிடம் நீட்ட எனக்கு உரிமையில்லை என்று பட்டது. எழுந்து கல்லாப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கேட்காத தூரத்துக்கு.

திரும்பி வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை; நீங்கள் இருந்தாலும் முடிந்திருக்காது.

"அன்னவாசலுக்கு இப்ப பஸ் இருக்குங்களா?" என்றாள். "ராபியாக்காகிட்ட நேர்ல போயித்தான் சொல்லணும்."

வனிதா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் விடுகிறேன். ஆனால் ஒன்று: அவர் சொன்னது என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். வனிதாவின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்து, விளக்கும் உங்களுடையதாக, நம்பிக்கையும் உங்களுடையதாக இருந்திருந்தால், போனில் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிவிட்டாள்.