ராஜதுரை சாரின் கடிகாரம்

1
இந்தக் கதை எனக்குச் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. ஒருத்தி கைபேசியில், "மாத்தி எழுத மாட்டேன் சார்" என்றாள். மற்றதெல்லாம் என் கற்பனை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

2
[முதல் தொடக்கம்: ஷிரின் பானு பதறியபடி அலுவலகத்துக்குள் ஓடி—
வேண்டாம். அவள் பதறுகிற ஆள் இல்லை.]

ஒரு விதைக் கம்பெனியின் கிளையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர் ஷிரின் பானு. எந்தக் கணினியிலும் பென் டிரைவ் வேலை செய்யக்கூடாதென்று தலைமை அலுவலகம் ஒரு கட்டுப்பாட்டை அனுப்பியிருந்தது. பதினொரு கணினிகள் ஏற்றுக்கொண்டன. மேலாளர் ராஜதுரையின் கணினி மட்டும் மசியவில்லை. மாலைக்குள் சரிசெய்து அறிக்கை அனுப்பாவிட்டால் அவளுடைய ஒப்பந்தம் நீளாது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். கட்டளையை மறுபடி ஓடவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். மணி பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. (ஐந்து நிமிடத்துக்குமேல் நேரம் பிசகினால் தலைமை அலுவலக சர்வர் அந்தக் கணினியை நம்பாது. இது மட்டும் கற்பனை இல்லை.)

3
"சார், உங்க மணி தப்பா ஓடுது."

"நாந்தாம்மா கூட்டி வச்சிருக்கேன். ஆளுவ சீக்கிரம் வரணும்லா."

கைரேகை வைத்து வருகை பதிவதும் அந்தக் கணினியில்தான். கூட்டிப் பெருக்கும் அன்னக்கிளி நேரத்துக்கு வந்தும் 'லேட்' வாங்கியது, மூன்று லேட்டுக்கு ஒரு நாள் விடுப்பு பறிபோனது, மகள் பிரசவத்துக்குப் போக முடியாமல் அழுதது, எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தால்தான்.

மணியைத் திருத்தினாள். கட்டுப்பாடு உடனே ஏறியது.

"சரியாயிட்டுல்லா? நெட்வொர்க் கோளாறுன்னு எழுதி அனுப்பிரு. ஒன் ஒப்பந்தத்துல நாந்தான் கையெழுத்துப் போடணும், பாத்துக்க."

4
இந்த இடத்தில் அவளைப் பணியவைப்பதாகத் திட்டம். [ஷிரின் தலைகுனிந்து, நெட்வொர்க் என்று தட்—] இரண்டு முறை முயன்றேன், வரவில்லை. அவளை மிரட்ட ஒரு ராஜதுரை போதாதா, நான் வேறு எதற்கு?

அவள் தட்டினாள்: "காரணம்: மேலாளர் தன் கணினியின் மணியைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தது. லேட் பதிவுகளை நம்ப முடியாது." அனுப்பிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். அங்கே கைபேசி அடித்தது. ராஜதுரைதான். அவள் சொன்ன பதிலை நீங்கள் முதலிலேயே கேட்டுவிட்டீர்கள்.

5
வேலை போனதா, அன்னக்கிளிக்கு விடுப்பு திரும்பக் கிடைத்ததா? சொல்லமாட்டேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஷிரினை வேலையில்லாமல் சொந்த ஊரான கடையநல்லூருக்குப் பஸ் ஏற்றினாலும் சரி, ராஜதுரையை வேறு ஊருக்குத் தூக்கியடித்தாலும் சரி. அவள் தட்டிய வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்குக் கீழே அவள் பெயர் இருக்கிறது.